பிரதம விருந்தினருக்காகக் காத்திருந்த பூநாரைகள்

மன்னாரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் நடன ஆசிரியையாக இருந்தபோது, சின்னப் பிள்ளைகளைக் கொண்டு பூநாரை நாட்டிய நாடகம் ஒன்று போட்டோம். வங்காலைப் பக்கத்துக் கடலோரக் களப்பில் மாரிக்கு வந்து நிற்கும் பறவைகளை எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருந்தார்கள். ஒற்றைக்காலில் நிற்க நான் சொல்லிக் கொடுக்கத் தேவையிருக்கவில்லை.

விழா பிற்பகலில். மத்தியானத்துக்கு முன்பே ஒப்பனை முடியவேண்டும் என்று பள்ளி அதிபர் உத்தரவு போட்டார். கொழும்பிலிருந்து வரும் பிரதம விருந்தினர் கதிரையில் அமர்ந்ததும் திரை திறக்கவேண்டுமாம்.

ஒப்பனை அறை, மேடைக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டில். மேற்சட்டையும் காற்சட்டையும் ஒன்றாகத் தைத்த ரோசா நிற உடுப்பு. கொக்கிகள் கழன்று கழன்று விழுந்ததால், பிள்ளைகள் போட்டபிறகு முதுகை நூலால் தைத்து மூடினோம். கடதாசி இறகுகளின் சாயம் வியர்வையில் ஊறிக் கைகளில் வழிந்தது.

விழா நேரம் கடந்தும் விருந்தினர் வரவில்லை. தண்ணீர்ச் செம்போடு வந்த தாய்மாரை அதிபர் வாசலிலேயே மறித்தார்.

"குடுக்காதேங்கோ. பவுடர் கரைஞ்சு போகும்."

எல்லோரிலும் நன்றாக ஆடும் பிள்ளை என் சேலையைப் பிடித்து இழுத்தாள். தலைமைப் பூநாரை அவள்தான்.

"டீச்சர், ஒண்டுக்குப் போகோணும்."

கத்தரிக்கோலை எடுத்தேன். அதிபர் என் கையைப் பிடித்தார். "இப்ப வெட்டினா ஆர் திரும்பத் தைக்கிறது? அவர் வந்திடுவார். கொஞ்சம் அடக்கச் சொல்லுங்கோ."

அடக்கினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, கால்களைப் பின்னிக்கொண்டு நின்றாள். பிறகு முடியவில்லை. சீமெந்துத் தரையில் ஈரம் பரவியதைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் விலகினார்கள். ஒருத்தி சிரித்தாள்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. யாரையும் கேட்காமல் அவளுடைய தையலை வெட்டினேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் தண்ணீர் கொடுக்கச் சொன்னேன். அவளைத் தாய் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கழுவித் துடைத்தாள். மாற்று உடுப்பு இல்லை. மற்றவர்களுக்கு உடுப்பைச் சரிசெய்து, நானே கயிற்றை இழுத்துத் திரையைத் திறந்தேன். முன்வரிசைக் கதிரைகள் வெறுமையாக இருந்தன. பின்னால் ஊர்ச்சனம் எழுந்து நின்று கைதட்டியது. அவள் தாயின் மடியில் பீத்தல் சால்வையைச் சுற்றிக்கொண்டு, தான் ஆடவேண்டிய ஆட்டத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தாள்.

ஆட்டம் முடிந்து பிள்ளைகள் பணிஸ் தின்றுகொண்டிருந்தபோது கொழும்புப் பெரியவர் வந்து இறங்கினார். அதிபர் ஓடிவந்தார்.

"டீச்சர், அவருக்காக இன்னொருக்கா ஆடட்டும்."

"பிள்ளையள் சாப்பிடுதுகள். ஆடாதுகள்."

"நான் அதிபர் சொல்லுறன்!"

நான் வாய் திறப்பதற்குள் அந்தத் தாய் எழுந்தாள். "வேணுமெண்டா நீங்கள் போய் ஆடுங்கோ. எங்கட பிள்ளையள் ஆடாது."

கொட்டிலில் இருந்த தாய்மார் ஒருவரும் அசையவில்லை. கடைசியில் பெரியவர் பேச மட்டும் செய்தார். பிள்ளைகளைப் பேணுவது பற்றித்தான் பேசினார்.

அடுத்த பள்ளித் தவணையில் என்னிடமிருந்து நடன வகுப்பைப் பறித்து, நூலக அறையில் இருத்தினார்கள். அதை நான் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பிள்ளை, யார் கூப்பிட்டும், பிறகு ஒருநாளும் மேடை ஏறவில்லை. அதற்கு இந்த வயதிலும் என்னால் ஒருவரையும் மன்னிக்க முடியவில்லை.