அப்பாவின் முழுக்கைச் சட்டை

இங்கிலாந்தின் வடக்கே, கடலோரத்துச் சின்ன ஊர் ஒன்றில், முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக இருக்கிறேன். வந்த புதிதில் என்னை அதிகம் திகைக்க வைத்தது ஒரு தாள். மனித உடம்பின் முன்பக்கமும் பின்பக்கமும் அதில் கோட்டுப் படமாக இருக்கும். ‘பாடி மேப்’ என்பார்கள். காலையில் ஒருவரைக் குளிப்பாட்டும்போது தோலில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கன்றல் தெரிந்தாலும், படத்தில் அந்த இடத்தைக் குறித்து, அளவு, நிறம், எப்படி வந்திருக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். காரணம் சொல்ல முடியாத கன்றல் என்றால் விசாரணை வரும். என் முதுகில் அப்பா போட்ட தடங்களை இப்படி எழுதி வைத்திருந்தால் எத்தனை கட்டு தாள் செலவாகியிருக்கும் என்று முதல் வாரம் எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

அந்தச் சிரிப்பு நின்றது ஆர்தரால். கப்பல் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஞாபகம் போய்விட்டது, கையின் பலம் போகவில்லை. ஒருநாள் காலை சட்டை மாட்டிவிடும்போது என் மூக்கில் ஓங்கிக் குத்தினார். அடுத்த குத்து விழுமுன் அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன். மறுநாள் அந்த மணிக்கட்டில் என் நான்கு விரல்களும் நீலமாகப் பதிந்திருந்தன. மேலாளர் லிண்டா அறைக்குக் கூப்பிட்டு, “எவ்ரிதிங் ஆல்ரைட் அட் ஹோம்?” என்று கேட்டார். நாங்கள் வேலை செய்யும் கட்டடத்துக்கும் ‘ஹோம்’ என்றுதான் பேர். “மாடியில் இரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு” என்றேன். உன் வீட்டைக் கேட்டேன் என்றார் லிண்டா. பிறகு பொறுமையாகச் சொன்னார்: அவர் அடித்தது நோய். நீ பிடித்தது அவர் உரிமையில் கை வைத்தது. விலகிப் போய் பத்து நிமிடம் கழித்து வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம் தலைக்கேறியது. உடைந்த என் மூக்குக்கு ஏதாவது தாள் உண்டா என்று கேட்டேன். உண்டு என்று இன்னொரு தாளை நீட்டினார்.

விலகிப் போவது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இரண்டு அறை வாடகை வீடு. அப்பா பஸ் கண்டக்டர். டூட்டி முடிந்து வந்ததும் தோல் பையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். பை ஆணிக்குப் போனால் அன்று அமைதி. மாட்டாமல் கையிலேயே வைத்திருந்தால் அதன் வாருக்கு வேலை இருக்கிறது என்று அர்த்தம். குழம்பில் உப்பு, பக்கத்து வீட்டுக்காரரிடம் அம்மா பேசிய ஒரு வார்த்தை, என் அண்ணன் பென்னியின் கணக்கு மார்க், எதுவும் காரணமாகலாம். ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் அம்மாவின் கையை முறுக்கியபோது காய்ந்த விறகு போல ஒரு சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரியில் அம்மா, பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் கட்டுப் போட்ட கையோடு அப்பாவின் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தார். கோயிலில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை. நர்சிங் படித்ததும், கிடைத்த முதல் விசாவில் நான் விமானம் ஏறியதும் அந்த வாரிடமிருந்து ஓடத்தான்.

அம்மா இறந்த பிறகு அப்பா, சிதம்பரத்தில் இருந்த அண்ணனிடம் போனார். கொஞ்ச காலத்தில் அவருக்கும் ஞாபகம் தடுமாறத் தொடங்கியது. ஒருநாள் அண்ணன் போனில், “ஹோம்ல சேத்துட்டன். புவனகிரி ரோட்டுல புதுசா ஒண்ணு, நல்லாப் பாத்துக்கறாங்க” என்றான். நான் மேலே கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் நிம்மதியாக இருந்தது. ஞாயிறுதோறும் வீடியோ காலில் இரண்டு நிமிடம் முகத்தைக் காட்டுவார்கள். அப்பா எதுவும் பேசமாட்டார். நாலாவது மாதமோ ஐந்தாவது மாதமோ, அக்னி நட்சத்திர வெயிலில் ஒரு ஞாயிறு, அவர் சட்டையைக் கவனித்தேன். முழுக்கை. மணிக்கட்டுப் பொத்தான் வரை போட்டிருந்தது. வாழ்நாளில் அவர் முழுக்கைச் சட்டை போட்டு நான் பார்த்ததில்லை. போனைப் பிடித்திருந்த முருகேசன் என்ற பணியாளரிடம், “தம்பி, அவரு கைய கொஞ்சம் மடிச்சி உடுங்க, பாக்கணும்” என்றேன். “டவர் இல்லக்கா” என்றான். அழைப்பு துண்டிக்கப்பட்டது. மறுபடி யாரும் எடுக்கவில்லை. என் வேலை எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது, சட்டைக் கைக்குள் என்ன இருக்கும் என்று. அந்த வாரமே விடுப்புப் போட்டு விமானம் ஏறினேன். அண்ணனிடம் சொல்லவில்லை.

சிதம்பரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்து நேரே போனேன். வாசலில் இருந்தவர் பார்வை நேரம் முடிந்துவிட்டது என்றார். அவரைத் தள்ளிவிட்டு உள்ளே நடந்தேன். ஆண்கள் கூடத்தில் இரும்புக் கட்டில்கள். நடுக் கட்டிலில் அப்பா. இரண்டு மணிக்கட்டும் கொசுவலைக் கயிற்றால் கட்டில் சட்டத்தோடு கட்டியிருந்தது. கயிறு தோலுக்குள் இறங்கி, அதன்மேல் சீழ் காய்ந்திருந்தது. இடுப்பில் படுக்கைப் புண், என் உள்ளங்கை போகும் ஆழம். ஈரத்திலேயே கிடந்து தொடை வெந்திருந்தது. லேசாகப் புரட்டிப் பார்த்தேன்: முதுகுக்கும் பிட்டத்துக்கும் நடுவில் பிரம்புத் தழும்புகள், சில பழுப்பு, சில புதுசு. பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர். கோதண்டராமன் என்று பேர், பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாவாக இருந்தவர் என்று பிறகு தெரிந்தது. மெல்லச் சொன்னார்: “கத்துனா அடிப்பாங்கம்மா. அவுரு ஜாஸ்தி கத்துவாரு. நான் கத்தறதில்ல.”

போனை எடுத்து ஒவ்வொரு காயத்தையும் படம் எடுத்தேன். முருகேசன் ஓடிவந்து போனைப் பிடுங்கினான். என் விரலை முறுக்கினான். அம்மாவின் கையில் கேட்ட சத்தம் எங்கிருந்தோ காதில் விழுந்தது. ஸ்டூலில் இருந்த எவர்சில்வர் சொம்பை எடுத்து அவன் முகத்தில் அடித்தேன். புருவம் கிழிந்து ரத்தம் வழிந்தது. இன்னொரு முறை அடித்தேன். அது தேவையில்லாத அடி. அவன் ஏற்கெனவே போனை விட்டிருந்தான். அடிக்கும்போது எனக்கு நன்றாக இருந்தது, அதையும் எழுதித்தான் ஆகவேண்டும். அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே போனதும் அப்பாவின் வலது கைக் கட்டை அவிழ்த்தேன். விடுபட்ட கை என் கன்னத்தில் அறைந்தது. பல்லில் பட்டு உதடு கிழிந்தது. இந்த முறை நான் அவர் கையைப் பிடிக்கவில்லை. ஓரடி தள்ளி நின்றேன். பிறகு மறுபக்கம் போய் அடுத்த கைக் கட்டை அவிழ்த்தேன்.

அப்பாவை அரசு மருத்துவமனையில் சேர்த்த பிறகுதான் அண்ணனுக்குப் போன் செய்தேன், வந்தான். வார்டு வராந்தாவில், எல்லோர் முன்னாலும் கத்திக்கொண்டோம்.

“கட்டிப் போட்டிருக்காங்கண்ணே. ஒனக்குத் தெரியுமா தெரியாதா?”

“தெரியும். நான்தான் கையெழுத்துப் போட்டன். கைய நீட்டுவாரு, கட்டிக்கலாம்னு எழுதிக் கேட்டாங்க, போட்டன்.”

“அடிக்கவும் எழுதிக் குடுத்தியா?”

அவன் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினான். முன்பல் ஒன்று பாதி இல்லை. “இது அவுரு குடுத்தது. போன வருஷம். எம் பொண்ண கட்டையால அடிக்க வந்தாரு, நடுவுல நான் போனன். நீ ஓடிப்போயிட்ட ஸ்டெல்லா. வெள்ளக்காரனக் கழுவிக்கிட்டு அங்க உக்காந்திருக்க. நான் எங்க ஓடறது?” என்று கேட்டுவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து அழுதான். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

மறுநாள் கடலூர் போய் சமூக நல அலுவலகத்தில் படங்களைக் காட்டினேன். அங்கிருந்த அம்மாள் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தார். மகன் கையெழுத்துப் போட்டாலும் ஒரு மனிதரைக் கட்டிப்போடவோ அடிக்கவோ யாருக்கும் அனுமதி கிடையாது, அந்தக் காகிதம் செல்லாது என்றார். முதியோர் இல்லம் நடத்தப் பதிவு வேண்டும், அங்கே இருப்பவருக்கு மருத்துவம், சுத்தம், வருகிறவர்களைப் பார்க்கும் உரிமை எல்லாம் உண்டு என்றார். என் பேரில் எழுதிக்கொண்டு போயிருந்த மனுவைத் திருப்பிக் கொடுத்தார். “உங்க பேர்ல வேணாம்மா. அவுரு பேர்ல எழுதுங்க. அடி வாங்கனது அவுருதான?” அடிபட்டதற்குப் போலீசில் புகார். பராமரிப்புக்குத் தனியாக, பெற்றோர் பாதுகாப்புச் சட்டத்தில் சிதம்பரம் கோட்டாட்சியரிடம் மனு. அதில் எதிர்மனுதாரர்கள் யார் என்று ஒரு இடம். அண்ணன் பேரை எழுதி நிறுத்தினேன். “மகளும் வரணும்” என்றார் அந்த அம்மாள். “சட்டத்துல பிள்ளைன்னா பொண்ணும்தான். எங்க இருந்தாலும்.” எதிர்மனுதாரர் இரண்டு என்று என் பேரை நானே எழுதினேன். எழுதும்போது கிழிந்த உதடு எரிந்தது.

இரண்டு நாளில் அந்த இல்லத்தின் வக்கீல் போன் செய்தார். முருகேசன் என்மேல் புகார் கொடுத்திருக்கிறான், புருவத்தில் ஐந்து தையல். “நீங்க வாபஸ் வாங்கனா அவனும் வாங்குவான் மேடம். ஃபாரின்ல வேல பாக்கறீங்க, உங்க மேல அடிதடி கேஸ் வந்தா என்னாவும்னு தெரியும் இல்ல?” தெரியும். வயதானவர்களைத் தொடும் வேலையில் இருப்பவள்மேல் அடிதடி வழக்கு என்றால், இங்கிலாந்தில் என் வேலை, வேலையோடு சேர்ந்த விசா, இரண்டும் ஆட்டம் காணும். ஒருநாள் முழுக்க யோசித்தேன். வாபஸ் வாங்கினால் கோதண்டராமன் தொடர்ந்து கத்தாமல் இருப்பார். ஸ்டேஷனுக்குப் போய், அடித்தேன், இரண்டு அடி, என்று எழுதிக் கொடுத்தேன். என் புகாரையும் அப்படியே விட்டேன்.

அதிகாரிகள் சோதனைக்கு வந்தபோது கூடத்தில் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. வெளியே போனால் வேறு இடம் இல்லை என்ற பயம். எல்லாம் சௌகரியம் என்றே ஒவ்வொருவரும் சொன்னார்கள். கோதண்டராமனின் முறை வந்தது. அவரும் முதலில் சௌகரியம் என்றார். அதிகாரி நகர்ந்த பிறகு, “சார்” என்று கூப்பிட்டார். முழுக்கைச் சட்டையின் பொத்தான் விரலுக்கு வசப்படவில்லை. கடைசியில் பல்லால் கடித்து இழுத்தார். பொத்தான் தெறித்து விழுந்தது. சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டி, தழும்புகளை நீட்டிக் காட்டினார். அவருக்கு அடுத்த கட்டிலில் இருந்தவரும் சட்டையைக் கழற்றினார், அதற்கடுத்தவரும். இல்லத்தின் பதிவு எப்போதோ காலாவதியாகியிருந்தது. கதவைப் பூட்டினார்கள். முருகேசனையும் அவனை வேலைக்கு வைத்தவரையும் கைது செய்தார்கள். எல்லோரையும் வேறு இல்லங்களுக்கு மாற்றினார்கள். அப்பாவுக்கு மேல்பட்டாம்பாக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லத்தில் இடம் கிடைத்தது. கோதண்டராமனும் அங்கேதான்.

இங்கிலாந்து திரும்பியதும் லிண்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்தார். பிறகு விதிப்படி, என்மேல் இருக்கும் வழக்கு முடியும்வரை யாரையும் தொடக் கூடாது என்று சலவை அறைக்கு அனுப்பினார். இரண்டையும் ஒரே மனதோடுதான் செய்தார் என்று நம்புகிறேன். வழக்கு இன்னும் முடியவில்லை.

கோட்டாட்சியர் விசாரணைக்கு வீடியோவில் வர அனுமதி தந்தார்கள். இங்கே காலை ஆறு மணி. துவைத்த போர்வைகளுக்கு நடுவில், சீருடையோடு, போனைத் துணி அலமாரியில் சாய்த்து வைத்து நின்றேன். திரையில் சிதம்பரத்து அலுவலகம், மின்விசிறிச் சத்தம், சக்கர நாற்காலியில் அப்பா, பின்னால் அண்ணன். “எதிர்மனுதாரர் ரெண்டு” என்று எழுத்தர் கூப்பிட்டார். “இருக்கறன் சார்” என்றேன். என் குரல் கேட்டு அப்பா திரும்பினார். அண்ணன் நீட்டிய போனில் என் முகத்தை வெகு நேரம் உற்றுப் பார்த்தார். திடீரென்று வலது கையைத் தூக்கினார். பின்னால் நின்ற அண்ணன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒதுங்கினான். ஏழு கடல் தாண்டி, ஆங்கிலேயரின் போர்வைகளுக்கு நடுவில் நின்ற நானும் அதே நொடி தலையைக் குனிந்து கன்னத்தைப் பொத்திக்கொண்டேன். சலவை அறைக்கு வெளியே யாரோ என் பெயரை இந்த ஊர் உச்சரிப்பில் கூப்பிட்டார்கள். நிமிர்ந்து பார்த்தபோது திரை முழுக்க அப்பாவின் உள்ளங்கை. என் முகம் தெரிந்த கண்ணாடியின்மேல் அதை மெதுவாக வைத்திருந்தார்.