பூண்டுப் புகையில் படித்த வேதியியல்

தெய்வானை போய்விட்டாள் என்று ஞாயிறு காலையில் அவள் தம்பி போனில் சொன்னான். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லையாம். அவளோடு பிளஸ் டூ படித்த உங்கள் எல்லோருக்கும் நான்தான் தகவல் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை வரவில்லை.

வேதியியல் செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரங்கள் இன்றும் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. ஏதோ ஒரு உப்பைத் தருவார்கள், அது என்னவென்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். மலைமேல் இருக்கும் நம் கிளாவரை ஊர்க் குளிருக்குத் தெய்வானை வீட்டில், பூண்டு கெடாமலிருக்கப் புகை போடும் அறைதான் கதகதப்பு. தலைக்கு மேல் பூண்டுக் கட்டுகள் தொங்க, கண் எரிய எரிய நானும் அவளும் அங்கேயே உட்கார்ந்து படித்தோம். "எரிஞ்சா நல்லதுடி, தூக்கம் வராது" என்பாள்.

வினையும் அங்கேதான் வந்தது. மாதிரித் தேர்வில் எந்த உப்பைக் கொடுத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டு, "அழுகின முட்டை வாடைங்க சார், சல்பைடு" என்றாள். நாம் எப்படிச் சிரித்தோம்! பூண்டு அவள் சீருடையிலும் மூக்கிலும் குடியிருந்தது.

நர்ஸ் படிப்புதான் அவள் கனவு. இந்த ஒரு தடவைதான், தவறினால் பூண்டுக் காட்டுக்குத்தான் என்று அவள் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். "பயமா கெடக்குடி" என்று அன்று பஸ்ஸிலிருந்து இறங்கும்போது சொன்னாள். அதன்பின் வாடையை விட்டுவிட்டு, கண்ணால் பார்க்கும் சோதனைகளையே உருப்போட்டாள்.

தேர்வில் அவளுக்கு வந்தது அம்மோனியம் உப்பு. எனக்கு என் சோதனைக் குழாயைவிட அவள் குழாய்மேல்தான் கண். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், "என்ன வாடை?" என்று கேட்டார். நாமாக இருந்தால் குத்துமதிப்பாக எதையாவது சொல்லியிருப்போம். அவள் கை வெடவெடத்தது.

"வாடை எனக்குத் தெரியலைங்க சார். ஆனா செஞ்சு காட்டுறேங்க."

அமிலத்தில் தோய்த்த கண்ணாடிக் கம்பியைக் குழாயின் வாயருகே நீட்டினாள். வெள்ளைப் புகை திரண்டது. "அம்மோனியாங்க" என்றாள். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

தேறினாள், நர்ஸும் ஆனாள். "தெரியாததத் தெரியும்னு சொன்னா, நோயாளிதாண்டி சாகணும்" என்று ஒருமுறை சொன்னாள்.

அவளிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இதைத்தான். தெரியவில்லை என்றால், நடுங்கிக்கொண்டாவது தெரியவில்லை என்று சொல்லிவிடுவது. துக்கத்துக்குப் போனபோது அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி நான் என்ன செய்யட்டும் தாயி?" என்று கேட்டார். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"தெரியலைங்க அத்தை" என்றேன்.