ராணிக்கு ஒரு சுமைதாங்கி

அந்தப் படத்தில் ராணிக்கு முகம் கிடையாது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கூந்தல் வழிந்து கிடக்கும். பின்னால் இடிந்த கோட்டை, வௌவால்கள், பாதி நிலா. வாரப் பத்திரிகையின் அந்தப் பக்கத்தை விரித்ததும் என் கண் முதலில் போவது அவள் கைகளுக்குத்தான். இரண்டு கைகளையும் வயிற்றுக்கடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு நடப்பாள். எந்த வாரமும் ஓவியர் அதை மாற்றியதில்லை.

பாளையக்காரர் காலத்துப் பேய்க்கதை அது, படத்தொடராக வந்தது. நிறைமாதத்தில் செத்துப்போன இளைய ராணி அமாவாசைதோறும் எழுந்து வந்து அரண்மனை ஆட்களின் ரத்தத்தைக் குடிக்கிறாள். அவளைப் புளியமரத்தில் ஆணியடித்து இறக்க ஒரு மந்திரவாதி வருகிறான். காதர்பேட்டைக்குப் பக்கத்தில் என் அத்தை, அப்பாவின் அக்கா, ஒரு பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டும் வேலையில் இருந்தார். என் பள்ளி அடுத்த தெருவில். மதியம் அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு, அத்தைக்கும் உடன் வேலை செய்த பெண்களுக்கும் கதையை வாசித்துக் காட்டுவேன். அவர்களில் ஒருவருக்கும் எழுத்து தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். அந்தத் தலைக்கனம் அப்போதே உண்டு, இப்போதும் குறைந்துவிடவில்லை.

மேஸ்திரியை ஒரு ராத்திரி அந்தக் கோட்டையில் விட்டுவிட்டு வந்தால் நமக்கு ஒரு வாரம் நிம்மதி என்று யாராவது சொல்வார்கள். ராணி பாவம், அந்த ஆளின் ரத்தத்தைக் குடித்தால் அவளுக்கு வயிற்றால் போகும் என்று இன்னொருத்தி சொல்வாள். எனக்குச் சிரிப்பு வராது. கதை படித்த நாளில் பஞ்சுக் கழிவு மூட்டைகளுக்கு நடுவே தனியாக நடக்கப் பயப்படுவேன். அத்தையும் சிரிக்க மாட்டார். ஒருநாள் கத்தரியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “ரத்தம் குடிக்கவா வாரா அவ? பாரந் தாங்காம, எறக்கி வெக்க எடந் தேடறா. ஒரு சுமைதாங்கி நட்டிருந்தா அவ ஏன் நடக்கறா?”

பிள்ளைத்தாய்ச்சியாகச் செத்தவளுக்கு வழியோரத்தில் சுமைதாங்கி நடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நின்றபடி இரண்டு கல், அவற்றின் மேல் படுக்கையாக ஒரு கல், தோள் உயரத்துக்கு. வழியில் போகிறவர்கள் தலைச்சுமையை அதில் இறக்கி வைக்கும்போதெல்லாம் செத்தவளின் வயிற்றுப் பாரமும் கொஞ்சம் இறங்கும் என்பார்கள். கதை எழுதியவருக்கு அது தெரிந்திருக்காது.

அத்தைக்குத் தெரியும். அவருடைய ஒரே மகளை அவிநாசிபாளையத்துக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளும் நிறைமாதத்தில்தான் போனாள். அதன் பிறகு அந்த வீட்டில் அடுத்தடுத்து மாடுகள் செத்தன; கிணறு வற்றியது. அவள்தான் காட்டுக்குள் நடக்கிறாள் என்று பேச்சு கிளம்பியது. அத்தை கல் நடச் சொல்லிக் கெஞ்சினார். சம்பந்தி, “இப்ப ஆருங்க தலைச்சுமை தூக்கறாங்க, அதான் லாரி வந்துருச்சே” என்று சொல்லிவிட்டு, வரும் அமாவாசைக்கு மந்திரவாதியை ஏற்பாடு செய்திருந்தார்.

தொடரின் கடைசிப் பகுதி அந்த அமாவாசையன்றுதான் என் கைக்கு வந்தது. ஆணி இறங்குகிறது, ராணி அலறுகிறாள், அரண்மனையில் விளக்குகள் எரிகின்றன. முற்றும்.

“முடிஞ்சுதா கண்ணு?”

“முடிஞ்சுதுங்கத்தை. ராணி பொகையாப் போயிட்டா.”

“பொகையாப் போனவ எங்க எறக்கி வெப்பா?” என்றார் அத்தை. கத்தரியைக் கீழே வைத்தார். பஸ்ஸின் பலகையைப் படிக்க ஆள் வேண்டுமென்று என்னையும் கூட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குக் கிளம்பினார்.

நாங்கள் போனபோது நல்ல வெயில். புளியமரத்தடியில் எலுமிச்சம்பழங்களும் மஞ்சளும் ஒரு சாண் நீள ஆணியும் தயாராக இருந்தன. அத்தை யாரிடமும் பேசவில்லை. நேராகப் போய் மரத்தில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்தார். சம்பந்தி கெட்ட மனிதர் அல்ல, பயந்துபோயிருந்தார். மூத்த மகன் வழிப் பேரனுக்குக் காய்ச்சல் விடவில்லை என்றும், தான் வேறென்ன செய்வது என்றும் கேட்டார்.

“அடிங்க சம்பந்தி, வேண்டாங்கலை. எம்மேல எறங்கி அப்பறம் மரத்துக்குப் போகட்டும்.”

மந்திரவாதி ஆணியைக் கையில் எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். வெயில் சாய்ந்தபோது துணியில் முடிந்துகொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகுதான் சம்பந்தி சொன்னார்: “எங்க காட்டுல வேண்டாமுங்க. ரோட்டோரம் நட்டுக்கங்க.”

படுக்கைக் கல்லில் மகளின் பேரை வெட்ட வந்த கல்தச்சருக்கு எழுத்து தெரியாது. நான் கரியால் எழுதிக் கொடுத்தால் அதன்மேல் உளியை ஓட்டிவிடுவதாகச் சொன்னார். என் எழுத்து கல்லில் நிற்கப்போகிறது என்று எனக்கு ஒரே பெருமை. நட்டநடுவில் எழுதப்போனேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்து இடப்பக்கம் நகர்த்தினார்.

“பக்கத்துல ஒரு பேரு அளவுக்கு எடம் உடு கண்ணு.”

“எதுக்குங்கத்தை?”

“அதுக்கு இன்னும் பேரு வெக்கலீல்ல.”

பேரனின் காய்ச்சல் பிறகு விட்டது. அதற்குக் கல்தான் காரணம் என்று சொன்னவர்களும் உண்டு, மாத்திரைதான் என்றவர்களும் உண்டு. அத்தை இப்போது இல்லை. நான் தாராபுரம் சாலையில் ஒரு பள்ளியில் ஆசிரியை. பஸ்ஸுக்கு நிற்பது அந்தக் கல்லுக்கு எதிரில்தான். பேயை நம்பாதவள் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். விறகோ நூல் மூட்டையோ, வருகிறவர்கள் வெற்றுப் பாதிக்கு மேல்தான் இறக்கி வைக்கிறார்கள். பேர் இருக்கும் பக்கம் கல் இன்னும் சொரசொரப்பாக இருக்கிறது. எழுத்தில்லாத பக்கம் தேய்ந்து, கை வைத்தால் வழுக்குகிறது.

போன வாரம் உடன் நின்ற புது ஆசிரியை கல்லைப் பார்த்துச் சிரித்தார். “பாதிக் கல்லு சும்மா கெடக்குது பாருங்க. எழுதுனவங்களுக்கு எடம் பாத்து எழுதத் தெரியலீங்க.”

ஆமாங்க என்றேன்.