ஞாயிற்றுக்கிழமை எரிந்த விளக்கு

எஞ்சின் படம் போட்ட அந்த மஞ்சள் விளக்கு மூன்றாவது முறையாக எரிந்தபோது நான் ஒத்தக்கால்மண்டபத்தைத் தாண்டிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கிணத்துக்கடவில் மாமனார் வீட்டிலிருந்து சரவணம்பட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஸ்டீயரிங்கை ஓங்கி ஒரு அடி அடித்தேன். கை வலித்ததுதான் மிச்சம்.

வேறு சமயமாக இருந்தால் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். மனைவிக்கு ஒன்பதாம் மாதம். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். பிரசவத்துக்குக் கோயமுத்தூரில் ஆஸ்பத்திரி பார்த்து வைத்திருந்தோம். அவளுக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதல். வலி எடுத்தால் தாமதிக்கவே கூடாது, ஒரு மணி நேரத்துக்குள் இங்கே இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். மாமனார் வீட்டில் இருப்பது ஒரு டிராக்டரும் ஒரு மொபெட்டும். அவளைக் கூட்டி வர இருந்தது என் கார் மட்டும்தான். அந்தக் கார்தான் இப்படி என்னை ஏய்த்துக்கொண்டிருந்தது.

முதல் முறை எரிந்ததும் உக்கடத்தில் மெக்கானிக் பாயிடம் கொண்டுபோனேன். எட்டு வருடமாக என் வண்டியைத் தொடும் ஒரே கை அவருடையது. ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, கேம் சென்சார் என்றார். எஞ்சின் எந்த நிலையில் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் சின்ன உறுப்பு. அது சொல்லாவிட்டால் வண்டி திணறும், ஸ்டார்ட் ஆக மறுக்கும், ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்தும் போகும். புதிதாக ஒன்று வாங்கிப் போட்டார். விளக்கு அணைந்தது. அடுத்த ஞாயிறு மறுபடி எரிந்தது. ஸ்கேனரில் அதே கோளாறு, அதே எண். அந்த எண்ணை அழித்துவிட்டு, "பாக்கலாமுங்க தம்பி, புதுசு சில சமயம் அப்பிடிக் காட்டும்" என்றார். இப்போது மூன்றாவது ஞாயிறு.

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போகாமல் நேராக உக்கடம் போனேன். பாய் அந்த சென்சாரில் ஒயர் வந்து மாட்டும் கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே கம்பி முனைகளில் லேசாகப் பச்சை பூத்திருந்தது.

"தண்ணி பட்டிருக்குதுங்களா தம்பி? உள்ள இருக்கற ரப்பரும் இறுகிப் போச்சுங்க."

"தண்ணியா? எஞ்சின் மேல ஒரு சொட்டுத் தண்ணி நான் காட்டறதில்லைங்க பாய். என் வண்டிய என்னைத் தவிர யாரும் தொடறதில்லை."

"பொட்டு வெச்சிருக்குதுங்களே" என்று எஞ்சின் மூடியைக் காட்டினார். சந்தனமும் குங்குமமும். ஆயுத பூஜைக்கு வைத்ததாக இருக்கும் என்று சொன்னேன். அது முடிந்து எத்தனை மாதம் ஆயிற்று என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்கும் நிலையில் நான் இல்லை.

"டூப்ளிகேட் மாட்டிப்போட்டுத் தண்ணி மேல பழியப் போடாதீங்க" என்று சொல்லிவிட்டேன். பட்டறையில் இருந்த ஒன்றிரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். வந்த பிறகு அது என் பேச்சைக் கேட்காது.

பாய் கோபப்படவில்லை. கனெக்டரைச் சுத்தம் செய்து மாட்டினார். ரப்பர் மட்டும் தனியாகக் கிடைக்காது, கனெக்டரையே ஆர்டர் போடுகிறேன், அடுத்த வாரம் வரும் என்றார். கிளம்பும்போது ஜன்னலில் குனிந்து, "எரியற நாளு, நேரம், அதுக்கு முன்னாடி வண்டி எங்க நின்னுச்சு, மூணையும் ஒரு சீட்டுல எழுதி வையுங்க தம்பி" என்றார். நான் கண்ணாடியை ஏற்றினேன்.

இருந்தாலும் எழுதினேன். மூன்றுமே ஞாயிறு. மூன்றுமே கிணத்துக்கடவிலிருந்து கிளம்பிய பிறகு. தென்னந்தோப்பில் நிறுத்துகிறோம், அணில் ஒயரைக் கடிக்கிறது என்று ஒரு நாள் நினைத்தேன். வழியில் டீசல் போட்ட பங்க்தான் காரணம் என்று இன்னொரு நாள் நினைத்து, பங்க்கை மாற்றினேன். வீட்டு மனிதர்கள் யாரும் என் கணக்கிலேயே வரவில்லை.

எங்கள் பக்கம் மாமனாரும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்வது ரொம்பக் கொஞ்சம். அவர் எனக்கு இரட்டிப்பு மரியாதை கொடுப்பார். நான் வந்தால் எழுந்து நிற்பார், நான் உட்காராமல் உட்கார மாட்டார். "வாங்க மாப்ளைங்க, சாப்டுங்க மாப்ளைங்க", அவ்வளவுதான். நானும் "ஆச்சுங்க மாமா" என்பதோடு சரி. ஒரு சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டில் மனைவியிடம் விளக்கைப் பற்றிப் புலம்பியது மட்டும் நினைவிருக்கிறது. அவர் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நான்காவது வாரம் சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு, பிரசவம் வரை அங்கேயே இருப்பதாகப் போனேன். டாக்டரம்மா சொன்ன தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மாமியார் என்னை உலுக்கி எழுப்பினார்.

"மாப்ள, அம்மணிக்கு வலி வந்துபோடுச்சு."

சட்டையைத் திருப்பிப் போட்டு, கழற்றி, மறுபடி மாட்டினேன். கார் பளபளவென்று நின்றது. பனி என்று நினைத்துக்கொண்டேன். மனைவியும் மாமியாரும் பின்னால், மாமனார் எனக்குப் பக்கத்தில். சாவியைத் திருப்பினேன். இரண்டு முறை இருமிவிட்டு மூன்றாவதில் பிடித்தது. தோப்பைத் தாண்டி மெயின் ரோடு ஏறியதுமே விளக்கு எரிந்தது.

மனைவி மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். கியர் மாற்றும்போதெல்லாம் வண்டி முன்னும் பின்னும் குலுங்கியது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் என் சீட்டின் முதுகைப் பிடித்து அழுத்தினாள். கண்ணாடியில் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆறேழு கிலோமீட்டர் போயிருப்போம். எஞ்சின் சத்தம் இல்லாமல் அணைந்தது. ஓரம் கட்டினேன். சாவியைத் திருப்பினால் சுற்றுகிறதே தவிரப் பிடிக்கவில்லை.

"ஏனுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்தக் குரலில் இருந்த பயம் எனக்கு இன்றும் கேட்கிறது.

மாமியார் ஆம்புலன்சுக்குப் போன் போட்டார். வர இருபத்தைந்து நிமிஷம் ஆகும் என்றார்கள். நான் இறங்கி பானெட்டைத் தூக்கினேன். உள்ளே எல்லாம் ஈரம். மூடியின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நடுவில் புதிதாக வைத்த சந்தனப் பொட்டு ஈரத்தில் கரைந்து வழிந்திருந்தது.

பக்கத்தில் வந்து நின்ற மாமனாரைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"நான்தானுங்க மாப்ளைங்க. நீங்க தூங்கி எந்திரிக்கறதுக்குள்ள, வாராவாரம் கழுவி உட்டேனுங்க. மாப்ள வண்டி தூசியோட போகக்கூடாதுன்னுங்க. டிராக்டர அப்பிடித்தானுங்க ஓஸ் பைப்புல பீச்சியடிப்பேன். லைட்டு எரியுதுன்னு சொன்னீங்களா, அழுக்கு அடைச்சாட்ட இருக்குதுன்னு, உள்ள இன்னும் நல்லா..."

முடிக்க விடவில்லை நான். "யாரு மாமா உங்களைக் கழுவச் சொன்னது? உங்க பொண்ணு உசுரோட வெளையாடறீங்களா?" என்று கத்தினேன். ரோட்டில் போன மொபெட்காரர் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார். மாமனாரிடம் குரல் உயர்த்துவது எங்கள் பக்கம் கேள்விப்படாத விஷயம். அவர் தலையைக் குனிந்துகொண்டார். காருக்குள் மாமியாரும் மனைவியும் கேட்டிருப்பார்கள்.

பாய்க்குப் போன் போட்டேன். எடுக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"பாய், வழியில நின்னுபோச்சுங்க. வீட்டுக்காரிக்கு வலி வந்துருச்சு. எஞ்சினெல்லாம் தண்ணி..."

"பதறாதீங்க தம்பி. நான் அன்னிக்குக் கழட்டுனனுங்களே, அந்தக் கனெக்டரு. லாக்க அமுக்கி இழுங்க. ஊதுங்க, நல்லா ஊதுங்க. காஞ்ச துணி இருக்குதுங்களா?"

நான் துணியைத் தேடுவதற்குள் மாமனார் தோளில் இருந்த வெள்ளைத் துண்டை எடுத்து நீட்டினார். அதன் முனையை முறுக்கி உள்ளே விட்டுத் துடைத்தேன். பச்சையும் கறுப்புமாக வந்தது. ஊதினேன், துடைத்தேன், மறுபடி ஊதினேன். பின்னால் மனைவி வாய்விட்டு அழ ஆரம்பித்திருந்தாள். பாய் போனிலேயே இருந்தார். "சென்சார் தலையையும் தொடைங்க. இப்ப மாட்டி, டிக்குனு சத்தம் கேக்குதான்னு பாருங்க." கேட்டது.

முதல் தடவை பிடிக்கவில்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவதில் எஞ்சின் உறுமியதும் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "போங்க தம்பி, லைட்டப் பாக்காதீங்க, ரோட்டப் பாருங்க" என்று பாய் போனை வைத்தார். ஆம்புலன்ஸை வரவேண்டாம் என்று மாமியார் சொன்னார். ஆஸ்பத்திரி வாசல் வரை விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது. வண்டி நிற்கவில்லை.

பதினொன்றே காலுக்குப் பெண் குழந்தை. அழுத்தம் கடைசியில் ஏறியதாம், சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்று டாக்டரம்மா சொன்னார். பாய்க்குத்தான் முதலில் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். "அட உடுங்க தம்பி, மிட்டாய் எப்பங்க?" என்றார்.

மாமியார் குழந்தையை வாங்கினார். மனைவி கண்ணைத் திறந்து, "அப்பா எங்கங்க?" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு மணி நேரமாக அவரை நான் பார்க்கவே இல்லை. வரவேற்பில் இல்லை, கேன்டீனில் இல்லை. கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாரோ என்று கீழே ஓடினேன்.

பார்க்கிங்கில், உச்சி வெயிலில், காரின் பானெட் திறந்திருந்தது. மாமனார் குனிந்து, ஒவ்வொரு ஒயராக, ஒவ்வொரு இடுக்காக அந்தத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். துண்டில் வெள்ளை மிச்சமில்லை. என்னைக் கண்டதும் நிமிர்ந்து ஒதுங்கி நின்றார்.

"இப்ப சொட்டு ஈரம் இல்லீங்க மாப்ளைங்க. திரும்பிப் போறப்ப நிக்காதுங்க."

நான் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று இறங்கி வந்தவன், வேறொன்றைச் சொன்னேன்.

"பேத்திங்க மாமா. மேல வாங்க. நீங்க தூக்குன பொறவுதான் நான் தூக்குவேன்."

அவர் கண்ணை முழங்கையால் துடைத்துக்கொண்டார். பிறகு தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் கிரீஸ்.

"கையெல்லாம் கரியா இருக்குதுங்களே மாப்ளைங்க."

பார்க்கிங் ஓரத்தில் ஒரு குழாய் இருந்தது. அவர் கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போய், நானே குழாயைத் திறந்துவிட்டேன்.

"கழுவுங்க மாமா" என்றேன்.