அருவிக்கு மேலே ஒரு மடு

ஸ்வெர்ரே எங்கள் பள்ளத்தாக்கின் பேருந்து ஓட்டுநர். ஆற்றில் அணை கட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும் முதலில் எதிர்த்துக் கிளம்பியவர் அவர்தான். அணை வந்தால், கடலிலிருந்து முட்டையிட ஏறிவரும் சால்மன் மீனுக்கு வழி அடைபடும். நிறுத்தத்துக்கு நிறுத்தம் வண்டியை இரண்டு நிமிடம் கூடுதலாக நிறுத்தி, ஏறியவர்களிடமெல்லாம் கையெழுத்து வாங்கினார்.

மறுவருடம் ஹால்வர் வந்தார். ஆஸ்லோவிலிருந்து மாற்றலாகி வந்த பள்ளி ஆசிரியர். தூண்டில் வீசுவதில் சுமார், பேச்சில் கெட்டி. ஒரே மாதத்தில் செய்தித்தாளில் 'ஆற்றின் காவலர்' என்று அவர் படம் வந்தது. பின்னால் பாதித் தொப்பியாக ஸ்வெர்ரே. அந்தத் தாளை விரித்துத்தான் அவர் அன்று மீன் சுத்தம் செய்தாராம். அவர் மனைவி மாரித் எங்களிடம் சொன்னாள்.

செப்டம்பரில் நடந்த விசாரணையில் அணைக்காரர்களின் பொறியாளர் ஒரே போடாகப் போட்டார். அணை வரப்போவது மேல் அருவிக்கும் மேலே. அந்த அருவியைத் தாண்டி சால்மன் ஏறுவதே இல்லை என்றார். ஹால்வர் தன் காகிதங்களைத் திரும்பத் திரும்பப் புரட்டினார்.

ஸ்வெர்ரேக்கு உண்மை தெரியும். அருவிக்கு மேலே, பாறை மறைவிலிருந்த ஒரு மடுவில் இருபது வருடமாக யாருக்கும் சொல்லாமல் சால்மன் பிடித்து வந்தவர். ஆனாலும் வாய் திறக்கவில்லை. ஹால்வர் திணறுவதைப் பார்க்க இனிப்பாக இருந்தது என்று பிற்பாடு என்னிடம் ஒத்துக்கொண்டார்.

அன்று சாப்பிடும்போது மாரித் கேட்டாள்: "வாத்தியார் தோக்கட்டும்னு உக்காந்திருந்தியா?"

"அவன்தானே காவலன். அவனே பேசட்டும்."

"தோத்தா அவன் ஆஸ்லோவுக்குப் போயிடுவான். நீ எங்க போவ?"

நவம்பரில் அதிகாரிகளையும் பொறியாளரையும் ஹால்வரையும் ஸ்வெர்ரே அந்த மடுவுக்குக் கூட்டிப்போனார். ஒரு பெண் சால்மன் கூழாங்கல்லை வாலால் அடித்து, முட்டையிடக் குழி பறித்துக்கொண்டிருந்தது.

வசந்தத்தில் அணைத் திட்டம் கைவிடப்பட்டது. செய்தித்தாளில் மறுபடியும் ஹால்வர் படம்.

ஜூன் மாதம், தூண்டில் பருவத்தின் முதல் நாள், ஸ்வெர்ரே மடுவுக்குப் போனால் அங்கே ஏழு பேர். ஹால்வர் ஒன்பது கிலோ மீன் ஒன்றைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க, இந்தக் கல்லு மேல நில்லுங்க. நீங்க காட்டின இடம்தானே," என்று ஒதுங்கி வழிவிட்டார்.

அந்தப் பெருந்தன்மைதான் ஸ்வெர்ரேக்கு அதிகம் எரிந்தது. வெயில் ஏறிவிட்டது, இனி மீன் கடிக்காது என்று சொல்லித் திரும்பினார். அருவியைக் கடப்பதற்குள் அடுத்த மீன் மாட்டிய கூச்சல் கேட்டது.

அந்தக் கோடை முழுக்க மேலாற்றில் தனியாக வேறு மடு தேடி அலைந்தார். கிடைத்ததா என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்லை," என்றார், கொஞ்சம் அவசரமாகவே.