தலைவர் பேச்சுக்கு நான் போட்ட இஸ்திரி

1. முதல் நாள்

நிருபர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஆசிரியர் நான் எழுதிக் கொடுத்த செய்தியைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு சங்கத் தலைவரின் பேச்சைச் சுருக்கெழுத்தில் எடுத்து, அவர் பேசியதைப் பேசியபடியே எழுதியிருந்தேன். கோலாலம்பூர் ஆபீசில் ஆசிரியர் மேஜைக்கு முன்னால் நின்றேன்.

"இந்தாளு மேடையில துண்டும் துணுக்குமாத்தான் பேசுவாரு. அப்படியே போட்டா படிக்கிறவன் சிரிப்பான். இஸ்திரி போட்டுக் கொண்டா" என்றார்.

இஸ்திரி என்பது எங்கள் ஆபீஸ் பேச்சு. மேடைக்காரர் பாதியில் விட்ட வாக்கியத்தை நாம் முடிக்க வேண்டும். இருமல், ஏச்சு, சொந்தக் கதை எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். கடைசியில் "கேட்டுக்கொண்டார்" என்றோ "வலியுறுத்தினார்" என்றோ முடிக்க வேண்டும். ஒரு மாதத்தில் அந்த வேலை எனக்குக் கைவந்தது. மலாக்காவுக்கு என்னை நிருபராக அனுப்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அங்கே காஜா பெராங் பகுதியில் ஒரு மளிகைக் கடைக்குப் பின்னால் அறை கிடைத்தது. காலையில் கோர்ட், பிறகு நகராட்சி, பிறகு சைக்கிளில் தெங்கேரா வரை ஒரு சுற்று. துக்காங் எமாஸ் தெருவுக்குப் போனால் இரண்டு கல்யாணச் செய்தியும் ஒரு மரண அறிவிப்பும் நிச்சயம் கிடைக்கும். எழுதியதைக் கவரில் போட்டு மத்தியான பஸ் டிரைவரிடம் கொடுத்துவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. பஸ் கிளம்பியதும் நிலையத்துக் கடையில் ஒரு கோப்பி குடிப்பேன். மெர்டேக்கா, நாட்டு விடுதலை, கிடைத்த புதிது. ஊரில் எல்லோரும் கொஞ்சம் சத்தமாகப் பேசினார்கள், கொஞ்சம் வேகமாக நடந்தார்கள். அந்தக் கோப்பியின் ருசி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

2. படக்காரர்

எனக்குப் படம் எடுத்துத் தந்தவர் மாணிக்கம் பிள்ளை. என்னைவிட ஐந்து வயது மூத்தவர். காஜா பெராங் சாலையிலேயே ஒரு சின்ன ஸ்டூடியோ வைத்திருந்தார். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டுவதில் கெட்டிக்காரர்.

அவர் மலாக்கா செட்டி. சில நூறு ஆண்டுகளாக அங்கேயே வாழ்கிற இந்துக் குடும்பம். வீட்டில் பேசுவது மலாய். தமிழில் அவருக்குத் தெரிந்தவை சாமி பெயர்கள், உறவுப் பெயர்கள், சில பலகாரங்கள், தொழிலுக்கு வேண்டிய "படம்" என்ற சொல். நான் அவரை மலாயில் அண்ணன் என்ற பொருளில் அபாங் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். ஆளுக்கு ஒரு சொல்லை அடுத்தவர் மொழியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தோம். நாங்கள் பேசியதெல்லாம் மலாயில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

தமிழ்க் கூட்டங்களில் அவருக்கு ஒன்றும் புரியாது. அதனால்தான் அவர் படங்கள் நன்றாக இருந்தன. பேச்சைக் கேட்காமல் முகங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். எல்லோரும் கை தட்டினால் அவரும் கேமராவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டுவார்.

3. கூட்டம்

தலைவரின் பெயரை எழுதப்போவதில்லை. அந்த நாளில் மலாக்காத் தமிழர் தலைவர் என்று சொன்னால் அவரைத்தான் சொன்னார்கள். ஓட்டைக் காரில் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பிரஜாவுரிமை ஃபாரங்களை நிரப்பிக் கொடுத்தவர். கையெழுத்துத் தெரியாதவர்களின் கட்டைவிரலைத் தானே மையில் ஒற்றிப் பதித்தவர். நடக்க முடியாத ஒரு கிழவரை முதுகில் தூக்கிக்கொண்டு அலுவலகப் படி ஏறியதை நான் பார்த்திருக்கிறேன். அவர் இல்லாவிட்டால் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் போயிருக்கும் குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

ஆனால் மேடை ஏறினால் அவருக்கு அடிக்க ஒரு ஆள் வேண்டும். ஒரு வாரம் தோட்டத்துக் கணக்கு எழுதும் மலையாளக் கிராணிகள், ஒரு வாரம் யாழ்ப்பாணத்து ஸ்டேஷன் மாஸ்டர்கள். எல்லாவற்றுக்கும் நான் இஸ்திரி போட்டேன்.

அன்றைக்குக் காஜா பெராங் திடலில் ஃபாரம் நிரப்புவது பற்றிய கூட்டம். செட்டிகளின் கோயிலிலிருந்து பெஞ்சுகள் வந்திருந்தன. ஏற்பாடு செய்தவர் மாணிக்கம். தலைவர் தமிழ்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போனவர் திடீரென்று திரும்பினார்.

"இந்த ஊர்ல ஒரு கூட்டம் இருக்கு. செட்டியாம். நெத்தியில விபூதி, வாயில மலாய். தண்ணி ஊத்துன பால என்னன்னு சொல்லுவீங்க? கலப்படம். கலப்படத்தையெல்லாம் நம்ம கணக்குல சேக்காதீங்க."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்த முகங்களை மாணிக்கம் படம் எடுத்தார். பிறகு என் பக்கம் குனிந்தார். செட்டி என்ற சொல் மட்டும் அவர் காதில் விழுந்திருந்தது.

"அபா டியா சாக்காப்?" என்றார். என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

"உங்களைப் பாராட்டுகிறார்" என்றேன்.

அவர் கை தட்டினார். அவர் கொடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் கவரில் நான் அனுப்பிய வரி இது: "மலாக்கா செட்டி சமூகத்தாரும் தமிழ் கற்க முன்வர வேண்டுமெனத் தலைவர் கேட்டுக்கொண்டார்." நல்ல வாக்கியம். ஆசிரியர் ஒரு புள்ளிகூட மாற்றவில்லை.

4. பெயர்ப்பலகை

ஏறத்தாழ ஓராண்டு கழித்துத் தேசிய விருதுப் பட்டியலுக்குத் தலைவரின் பெயரை அனுப்ப ஒரு கமிட்டி அமைந்தது. டிஓ ஆபீசுக்கு, அதாவது மாவட்ட அதிகாரியின் அலுவலகத்துக்கு, மனு போயிற்று. பின்னாலேயே ஒரு மொட்டைக் கடிதமும் போயிற்று. இந்த மனிதர் ஜனங்களைப் பிரிக்கிறவர், செட்டிகளை மேடையில் இழிவாகப் பேசியவர், இவருக்கா நாட்டின் பதக்கம் என்று அதில் கேட்டிருந்தார்களாம்.

கமிட்டிச் செயலாளர் ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி. என் அறைக்கு வந்து, நான் எழுதிய அந்தச் செய்தியின் வெட்டுத் துண்டை மேஜையில் வைத்தார். அதன் நகல் ஏற்கெனவே டிஓ ஆபீஸ் ஃபைலில் சேர்ந்துவிட்டது என்றார்.

"உங்க பேப்பரே சொல்லுதே, தலைவர் நல்லதுதான் பேசினாருன்னு. இனி அந்தச் சமூகத்து ஆளு ஒருத்தரு ரெண்டு வரி எழுதிக் குடுத்தாப் போதும். மாணிக்கம் உங்க கூட்டாளிதானே? கோயில் கமிட்டியிலயும் இருக்காரு. நீங்க கேட்டா மறுக்க மாட்டாரு."

மறுக்கமாட்டார் என்பது எனக்கும் தெரியும். ஆதரவுக் கடிதத்துக்கான தாளை வாங்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனேன். தாளைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் வந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

கடை வாசலில் புதுப் பலகை சாய்ந்து நின்றது. வெள்ளை அடித்துக் காய்ந்திருந்தது. பலகை எழுதும் சீனர் தூரிகையோடு குந்தியிருந்தார். ஆங்கிலப் பெயர் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. கீழே பாதி இடம் காலி.

"நல்ல நேரத்தில் வந்தாய், தம்பி. தமிழ் எழுத்தில் ஒரு வார்த்தை எழுதிக் கொடு. இவர் பார்த்து வரைந்துவிடுவார்" என்றார் மாணிக்கம்.

என்ன வார்த்தை என்று கேட்டேன்.

"கலப்படம்" என்றார். "ஒரு வருஷமாகத் தமிழர்கள் என் கடையை அப்படித்தான் சொல்கிறார்கள். பாசாரில் காய் விற்கிறவர்கூட என்னைப் பார்த்துக் கலப்படம் என்று கூப்பிடுகிறார். நானும் கை காட்டுவேன். கலர்ப் படம். நான் வண்ணம் தீட்டுவது ஊருக்கே தெரிந்துவிட்டது, பார்."

சீனர் தூரிகையைப் பெயிண்டில் தோய்த்தார்.

எனக்கு அதற்கு மேல் வழி இருக்கவில்லை. அந்தச் சொல்லில் இருக்கும் படம் வேறு என்று தொடங்கினேன். பால், தண்ணீர், திடல், பெஞ்சு, சிரிப்பு, என் கையிலிருந்த தாள் எல்லாவற்றையும் சொன்னேன். இஸ்திரியையும் சொன்னேன். மாணிக்கம் பலகைக்காரரிடம் இன்றைக்கு இவ்வளவு போதும் என்று அனுப்பிவைத்தார்.

"அன்றைக்கு நான் கை தட்டினேன்" என்றார்.

"ஆமாம்."

"அவரிடம் உனக்குப் பயமா?"

"இல்லை. உங்களுக்குச் சங்கடமாக இருக்குமே என்று..."

"எனக்காகச் சங்கடப்படு என்று உன்னைக் கேட்டேனா? அர்த்தம்தானே கேட்டேன்."

5. ஸ்டூடியோவில்

மனுவோடு ஒரு படம் வைக்க வேண்டியிருந்தது. அடுத்த வாரம் தலைவரே படம் எடுக்க வந்தார். மாணிக்கம் என்னையும் வரச் சொல்லியிருந்தார். "நீ மொழிபெயர்க்க வேண்டும். இன்றைக்கு இஸ்திரி வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

முதலில் தன் வேலையைச் செய்தார். விளக்கை நகர்த்தினார், தலைவரின் காலரைச் சரிசெய்தார், முகவாயை இரண்டு விரலால் உயர்த்தி நிறுத்தினார். இரண்டு படம் எடுத்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தலைவருக்கு எதிரே உட்கார்ந்து, திடலில் சொன்னதைப் பற்றிக் கேட்டார்.

தலைவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மறைக்காமல் பேசினார். நான் வார்த்தைக்கு வார்த்தை மலாயில் சொன்னேன்.

"கூட்டத்துக்கு உப்பு வேணும்யா. ஃபாரத்த எப்படி ரொப்பறதுன்னு ரெண்டு மணி நேரம் பேசினா எவன் நிப்பான்? அன்னிக்குச் சிரிச்ச கூட்டம்தான் மறுநாள் வரிசையில வந்து நின்னுச்சு. அத்தன பேருக்கும் பிரஜாவுரிமை சூராட் கெடச்சுது. எனக்கு மனசுல ஒண்ணும் கெடையாது. தப்புன்னு பட்டா மன்னிச்சிருங்க."

"வரிசையில் நின்றவர்களை நான்தான் படம் எடுத்தேன். எனக்குத் தெரியும்" என்றார் மாணிக்கம். "ஆனால் இவர் மைக்கில் சொன்னார். மன்னிப்பை மட்டும் என் கடைக்குள் வந்து சொல்கிறார். அதையும் மைக்கில் சொல்லட்டும். நான் பெஞ்சு தருகிறேன்."

தலைவர் தலையை ஆட்டினார். "அது ஆவாது. மேடையில ஒரு தடவ எறங்கிப் பேசிட்டா அப்புறம் என் பேச்சுக்கு எவனும் நிக்க மாட்டான்."

இதையும் மொழிபெயர்த்தேன். தலைவர் எழுந்து இருவரையும் கும்பிட்டுவிட்டுப் போனார். படத்தை மாணிக்கம் சொன்ன நாளில் கொடுத்தார். அவர் எடுத்த படங்களில் அது நல்ல படம். தலைவரின் கண்ணுக்குக் கீழே இருந்த கருமையைக்கூடத் திருத்தியிருந்தார்.

6. இரண்டு பத்திக் கடிதம்

மாணிக்கம் கடிதம் எழுதினார். மலாயில், தன் கைப்பட, இரண்டு பத்தி. முதல் பத்தியில் தலைவர் செய்த வேலை முழுவதும் இருந்தது. முதுகில் தூக்கிப்போன கிழவரையும் விடவில்லை. இரண்டாவது பத்தி சின்னது. இந்தத் திடலில் என் மக்களை இந்தச் சொல்லால் அழைத்தார், அதைத் திரும்பப் பெறவில்லை, இரண்டையும் பார்த்து விருது கொடுப்பவர்கள் தீர்மானிக்கட்டும். அவ்வளவுதான்.

செயலாளர் படித்துவிட்டு, முதல் பத்தி பிரமாதம், அதை மட்டும் தனியாக எழுதிக் கொடுக்க முடியுமா என்று கெஞ்சினார்.

"வெட்டுகிற வேலைக்குத் தம்பியிடம் போங்கள்" என்றார் மாணிக்கம்.

கமிட்டி அந்தக் கடிதத்தை அனுப்பவில்லை. ஃபைலில் என் வெட்டுத் துண்டு போதுமானதாக இருந்தது. பட்டியல் வந்தபோது தலைவரின் பெயர் அதில் இருந்தது.

செய்தி அனுப்ப வேண்டியவன் நான். பதக்கச் செய்தியைச் சுத்தமாக எழுதினேன். கூடவே என் பழைய செய்திக்கு ஒரு திருத்தமும் எழுதினேன். ஆசிரியர் டிரங்க் காலில் கூப்பிட்டார்.

"மாலை போடுற அன்னிக்கு எதுக்குய்யா பழைய கத? பேரு தப்பா வந்தாத் திருத்தம் போடலாம். இது தப்பு இல்லையே, இஸ்திரிதானே?"

"அந்த இஸ்திரியத்தான் சார் டிஓ ஆபீஸ்ல சாட்சியா வச்சிருக்காங்க" என்றேன்.

மூன்று நிமிடம் முடியப்போகிறது என்று ஆப்பரேட்டர் சொன்னார். சரி என்று சொல்லிவிட்டு ஆசிரியர் வைத்துவிட்டார். மறுநாள் முதல் பக்கத்தில் பதக்கம், ஆறாம் பக்கத்தில் திருத்தம், நான்கு வரி. தலைவர் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு வழக்கம்போல் கூட்ட அறிவிப்பு அனுப்பினார்.

பிரிவினை பேசுகிறவர்களுக்கு நாடு மரியாதை செய்யலாமா என்று இப்போது இளம் நிருபர்கள் என்னிடம் கேட்கிறார்கள். அந்தத் தலைவரை நினைத்துக்கொண்டுதான் பதில் சொல்கிறேன். அவர் வாங்கிக் கொடுத்த பிரஜாவுரிமை உண்மை. அவர் சொன்ன சொல்லும் உண்மை, ஒரு மனிதரை ஒரு வருஷம் பாசாரில் அந்தச் சொல்லுக்குக் கை காட்ட வைத்தது. இரண்டையும் எடை போட்டுப் பார்த்துப் பதக்கம் கொடுத்திருந்தால் எனக்குக் குறையில்லை. கொடுக்காமல் விட்டிருந்தாலும் குறையில்லை. எடை போட வேண்டியவர்கள் கைக்குப் பாதியை மட்டும் கொடுத்தவன் நான். நிருபர் வேலையில் கருணை என்று நினைத்துச் செய்கிற வெட்டு யாருக்கு லாபமாகப் போகும் என்பது வெட்டும்போது தெரியாது.

மாணிக்கம் என்னோடு கூட்டங்களுக்கு வருவதை நிறுத்தவில்லை. ஆனால் அதன்பிறகு பேச்சாளர் ஒரு வாக்கியம் முடித்ததும் என் பக்கம் காதைக் கொடுப்பார். நான் அதை அப்படியே மலாயில் சொல்லி முடிக்கும் வரை பொத்தானைத் தொடமாட்டார். இவ்வளவு நல்ல படக்காரர் ஏன் இப்படி எடுக்கிறார் என்று ஆசிரியர் அலுத்துக்கொள்வார். அந்த ஆண்டுகளில் மலாக்காவிலிருந்து போன படங்களில் ஒரு தலைவர்கூட வாய் திறந்து பேசவில்லை. எல்லோரும் பேசி முடித்து, வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள்.