மின்சாரக் காரின் புகை

பெட்ரோல் காரை விற்று மின்சாரக் கார் வாங்கியது சரியா? எனக்கு இன்னும் தெரியவில்லை. மூச்சிழுப்பு உள்ள மகளுக்குப் புகை ஆகாதென்றுதான் மாற்றினோம்.

எங்கள் ஊர் தலவாக்கலையில் ஒருநாள் மழையில் கரண்ட் போனது. மறுநாள் அவளுக்கு நுவரெலியாவில் கிளினிக். கணவர் கடையிலிருந்த டீசல் ஜெனரேட்டரைக் கொண்டுவந்து, வீட்டின் பின்னால் வைத்துக் காருக்குச் சார்ஜ் போட்டார். குளிரென்று ஜன்னல்களை மூடிய நான் பின்கதவை மறந்தேன். புகை உள்ளே வந்துவிட்டது.

"மூச்சு விட முடியலம்மா" என்றாள் மகள். உதடு நீலமாகியிருந்தது. காரிலோ சார்ஜ் ஏறவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன்தான் தன் பெட்ரோல் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

"புகையே வராத காருன்னீங்களே தங்கச்சி" என்றார்.

பிள்ளை பிழைத்துவிட்டாள். இப்போது கரண்ட் இருக்கும்போதே சார்ஜ் ஏற்றிவிடுகிறேன். ஆனால் அந்தக் கரண்டுக்கும் எங்கோ நிலக்கரி எரிகிறதாம். அங்கேயும் ஒரு பிள்ளைக்கு இழுக்குமோ? காரை வைத்துக்கொள்ளவா, விற்கவா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.